உப்புப் பொரியும் சத்தம்

காசம் வந்தது எனக்கு. பதினோரு மாதம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவனும் நான்தான். செத்துப்போனது என்னைப் பார்த்துக்கொள்ள வந்த என் தங்கை மாதம்மா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழைத்தாளா இல்லையா என்று யாரும் கடைசிவரை காத்திருக்க வேண்டாம். அப்படிக் காத்திருந்து பார்த்தவன் நான், அந்தப் பாடு இன்னொருவருக்கு வேண்டாம்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் பெண்ணையாற்றின் குறுக்கே அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே நான் ஓவர்சீயர். திம்மராயன் என்று பெயர் சொன்னால் வேலையாட்களுக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், ஏனென்றால் டிப்ளமா படித்தவன் என்ற கர்வம் எனக்கு நிறைய இருந்தது. சாப்பாட்டு நேரத்தில்கூட விடமாட்டேன். "தண்ணி சும்மா நிக்குதுன்னு நெனைக்காதீங்க. ஒசரத்துல நிக்கிற தண்ணில சக்தி அடங்கிக் கெடக்குது. மதகத் தெறந்தாத்தான் அது வெளிய வரும்" என்று பிரசங்கம் செய்வேன். அவர்கள் தலையை ஆட்டிவிட்டுக் களியை உருட்டி விழுங்குவார்கள். எங்கள் வீட்டிலேயே ஒரு ஏரி நிறைந்து நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊர் பாரூர் ஏரிப் பாசனத்தில் இருக்கிறது. நெல்லும் கரும்பும்தான் பிழைப்பு. அம்மா போனபோது மாதம்மாவுக்கு ஒன்பது வயது. ஐந்தாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அடுப்படியைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் அப்பா, நைனா, அவளை மாதி என்று கூப்பிடுவார். அவள் படிக்கவில்லையே என்று யாரும் வருத்தப்பட்டதில்லை, நான் உட்பட.

ஆனால் அவளுக்கு ஒரு காது இருந்தது. கரும்புச்சாற்றைக் கொப்பரையில் காய்ச்சும்போது பாகு பதத்துக்கு வருகிற ஒரு கணம் உண்டு. அதற்கு முன்னால் இறக்கினால் வெல்லம் கட்டாது, அதைத் தாண்டினால் கருகிவிடும். மற்றவர்கள் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார்கள். மாதம்மா கொப்பரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆலைக்கொட்டாயின் மூலைக் கம்பத்தில் சாய்ந்து நிற்பாள், கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு. நைனா துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டே, "மாதி, எறக்கலாமா?" என்று கேட்பார்.

"இரு நைனா. இன்னும் ரெண்டு மூச்சு."

ரெண்டு மூச்சு என்றால் ரெண்டு மூச்சுதான். பிறகு "எறக்கு" என்பாள். ஒரு நாளும் தப்பியதில்லை. ஊரில் யார் வீட்டில் கொப்பரை ஏற்றினாலும் அவளைக் கூப்பிடுவார்கள். அவளும் போய் அந்தந்தக் கொட்டாயில் புகைக்கு நடுவில் நிற்பாள். லேசாக இருமுவாள். புகைதானே என்று விட்டுவிட்டோம்.

நானும் இருமிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அணைக்கட்டுத் தூசி, அவளுக்கு அடுப்புப் புகை. ஒவ்வொரு இருமலுக்கும் எங்கள் வீட்டில் ஒரு காரணம் தயாராக இருந்தது. மாசி மாதம் ஒரு காலையில் வேலை நடக்கும் இடத்திலேயே எனக்குச் சளியில் ரத்தம் வந்தது. வெற்றிலை போட்டவன் துப்பியது போலத்தான் இருந்தது, ஆனால் நான் வெற்றிலை போடுகிறவனில்லை. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை மட்டம் பார்த்தேன். பயந்தவன் செய்கிற காரியம் அது.

கிருஷ்ணகிரி டாக்டர் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஓசூருக்கு அந்தப் பக்கம், மைசூர் எல்லையைத் தாண்டி இருக்கும் காச ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். நைனா உழவு மாட்டை விற்றார். கூடப் போக வேறு பெண்பிள்ளை வீட்டில் இல்லை என்பதால் மாதம்மா இரண்டு புடவையும் ஒரு களிச்சட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது.

சானமாவுக் காட்டில் பஸ் போய்க்கொண்டிருக்கும்போது அவள் திடீரென்று எழுந்து, "டிரைவரண்ணா, நிறுத்துங்க. முன்னால மூங்கில் ஒடியுது" என்றாள். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். இன்ஜின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்காது. டிரைவர் என்னமோ நினைத்து நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் வளைவுக்கு அப்பால் நாலு யானையும் ஒரு குட்டியும் ரோட்டைக் கடந்தன. டிரைவர் திரும்பி அவளைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். மாதம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இருமினாள்.

ஆஸ்பத்திரி என்பது முக்கால்வாசி காத்திருப்பது. பரிசோதனைக்குச் சளி கொடுக்கக் காத்திருக்க வேண்டும், மூன்று நாள், மூன்று காலை, வெறும் வயிற்றில். எக்ஸ்ரேக்குக் காத்திருக்க வேண்டும். குளிர்ந்த தகட்டில் நெஞ்சை ஒட்டவைத்து, மூச்சைப் பிடி என்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் இருப்பதெல்லாம் படமாகிவிடும். நல்ல நுரையீரல் படத்தில் கறுப்பாகத் தெரியும், ஏனென்றால் அதில் காற்றுதான் இருக்கிறது. நோய் இருக்கும் இடம் வெள்ளை. என் வலது மார்பின் மேல் பக்கம் சுண்ணாம்பு தெளித்தது போல இருந்தது. டாக்டரம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது கட்டடப் படம் பார்ப்பவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

வைத்தியம் ஊசி. தினம் ஒன்று, இடுப்பில். அது காதை மந்தமாக்கும் என்றும், தலை சுற்றும் என்றும் முதலிலேயே சொன்னார்கள். இரண்டும் வந்தன. அதோடு கசப்புத் தூள் ஒன்று, பிடி பிடியாக விழுங்க வேண்டும். சில பேருக்கு விலா எலும்புகளுக்கு நடுவில் ஊசி விட்டுக் காற்றை அடைத்து, நுரையீரலைச் சுருட்டி ஓய்வில் வைப்பார்கள். உடைந்த கைக்குக் கட்டுப் போட்டு அசையாமல் வைப்பது மாதிரி அது. அது இல்லாமலே நான் தப்பித்தேன்.

நோயாளிக்குத் தினம் ஒரு முட்டையும் பாலும் உண்டு. துணைக்கு வந்தவர்கள் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் சமைத்துக்கொள்ள வேண்டும். மாதம்மா காலையில் கிளறிய களியை மூன்று வேளைக்கும் வைத்துக்கொள்வாள். எனக்கோ மருந்து சாப்பிட்ட வாயில் எதுவும் இறங்காது. பாதி முட்டையும் பாதி டம்ளர் பாலும் மிச்சம் வைப்பேன். "தின்னு" என்பேன். "ஒனக்குணா" என்பாள். "வீணாப் போவுது, தின்னு" என்று அதட்டுவேன். அவள் என் டம்ளரிலேயே குடிப்பாள். கிருமி என்றால் என்ன என்று படித்தவன் நான். ஆனாலும் அவள் பால் குடிப்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அந்த இடத்தில் என்னால் அவளுக்குக் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

அவள் சும்மா இருக்கமாட்டாள். என் படுக்கையோடு நிற்காமல் மற்றவர்களுக்கும் வெந்நீர் கொண்டுவருவாள், முதுகு துடைப்பாள். ஏழாம் படுக்கையில் அனுமந்தப்பா என்று ஒரு கன்னட வண்டிக்காரர் இருந்தார். அவரைப் பார்க்க யாரும் வருவதில்லை. ஆடி மாதம் ஒரு நாள் அவர் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தி, காதை அவர் முதுகில் வைத்தாள். பிறகு விரலால் தட்டினாள். நர்ஸ் ரோசம்மா சிஸ்டர் ஓடிவந்து, "ஏ ஹுடுகி, ஏன் மாடுத்தியா?" என்று, பெண்ணே என்ன செய்கிறாய் என்று கன்னடத்தில் சத்தம் போட்டார்.

"சிஸ்டர், இவருக்கு இந்தப் பக்கம் கீழ ஊமையா இருக்குது. மூச்சுச் சத்தமே இல்ல. தட்டுனா நெறஞ்ச பானையத் தட்டுன மாதிரி இருக்குது. தண்ணி இருக்குது பாருங்க."

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் டாக்டரம்மா வந்ததும் சொன்னார். டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், தட்டினார், முகம் மாறியது. அன்று மத்தியானமே ஊசி விட்டு அனுமந்தப்பாவின் மார்பிலிருந்து ஒரு செம்புக்கு மேல் தண்ணீர் எடுத்தார்கள். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டால் மூச்சுத் திணறும், கவனிக்காமல் விட்டால் ஆளே போய்விடலாம். அனுமந்தப்பா மாதம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கன்னடத்தில் என்ன சொன்னார் என்பது எனக்கு முழுதாகப் புரியவில்லை, தாயி என்ற வார்த்தை மட்டும் புரிந்தது.

அதற்குப் பிறகு டாக்டரம்மா வார்டு சுற்றும்போதெல்லாம் மாதம்மாவையும் கூப்பிடுவார். ஸ்டெதஸ்கோப்பை அவள் காதில் மாட்டிவிட்டு, "என்ன கேக்குது?" என்பார். நோய் இருக்கும் இடத்தில் மூச்சை இழுக்கும்போது பொரிபொரியென்று ஒரு சத்தம் வரும். அடுப்பில் உப்பைப் போட்டால் பொரியுமே, அப்படி. மாதம்மா அதை எங்கே கேட்டாலும் கண்டுபிடித்தாள். "கொப்பரையில பாகு தடிக்கிறப்ப இதே சத்தந்தான் டாக்டரம்மா" என்றாள். யாருக்குப் பொரிவது குறைகிறது, யாருக்குக் கூடுகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். எனக்குக் குறைந்துகொண்டு வருவதை எக்ஸ்ரேக்கு முன்னாலேயே சொன்னாள்.

ஆவணி மாதம் டாக்டரம்மா என் படுக்கையருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மங்களூர்ப் பக்கத்துக்காரர், தமிழைக் கன்னடம் கலந்து பேசுவார்.

"நோடி திம்மராயன், இந்த ஹுடுகிக்கு இருக்கிற காது எனக்கு இல்லை. நர்ஸ் படிப்புக்கு அனுப்புங்கோ. எழுத்து நாங்க சொல்லிக் கொடுத்துக்கறோம், நான் லெட்டர் தர்றேன். முதல்ல ஒரு எக்ஸ்ரே எடுக்கணும், அது ரூல்ஸ். எப்படியும் எடுக்கத்தான் வேணும். அவள் இருமுறாள்."

அந்த வாரம்தான் நைனா வந்து தை மாதத்துக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வீடு காவேரிப்பட்டணத்துப் பக்கம், நல்ல நிலபுலன் உள்ளவர்கள். எனக்கு நோய் என்பதையே அவர்களிடம் நிமோனியா என்று சொல்லி வைத்திருந்தோம். காச ஆஸ்பத்திரியில் பெண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்தார்களாம் என்று ஒரு பேச்சு வெளியே போனால் போதும், படத்தில் ஒன்றும் இல்லாவிட்டாலும் கல்யாணம் நின்றுவிடும். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு நோய் வருவதைவிட நோய் என்று காகிதத்தில் ஏறுவதுதான் பெரிய ஆபத்து. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

"வேணாம் டாக்டரம்மா" என்றேன். "கல்யாணம் ஆகப்போற பொண்ணு."

"கல்யாணம் ஆகறவளுக்கு நெஞ்சு வேண்டாமா?" என்று கேட்டார். இன்னொரு முறையும் கேட்டார். இன்னொரு முறையும் வேண்டாம் என்றேன். மாதம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்று போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இனி சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நைனாவிடமும் சொன்னதில்லை.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம். சிஸ்டர் ஸ்டெதஸ்கோப்பை மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். மாதம்மா அதை எடுத்துக் காதில் மாட்டி, மறுமுனையை ரவிக்கைக்கு மேலே தன் நெஞ்சில் வைத்தாள். விளையாட்டுக்குத்தான் செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் வைத்தாள், இன்னொரு இடத்தில் வைத்தாள், மறுபடி முதல் இடத்துக்கே வந்தாள். கொட்டாய்க் கம்பத்தில் சாய்ந்து நிற்கும்போது முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பிறகு அதைக் கழற்றி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அண்ணா, எனக்கும் பொரியுதுணா."

அடுத்த படுக்கைக்காரர் விழித்துக்கொண்டிருந்தார், அவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். "வாய மூடு" என்றேன். "யார் காதுலனா வுழப்போவுது. கல்யாணம் நின்னுபோனா நைனா செத்துருவாரு. அதெல்லாம் ஒண்ணுமில்ல, பொகை. போய் வெந்நி வை."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. "சரிணா" என்றாள். வெந்நீர் வைக்கப் போனாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஸ்டெதஸ்கோப்பைத் தொடவும் இல்லை. டாக்டரம்மா கூப்பிட்டபோதுகூட, "எனக்கு வேல இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டாள்.

ஐப்பசியில் கல்யாண வேலைக்காக அவள் ஊருக்குப் போனாள். அவளுக்குப் பதிலாக என் துணைக்கு நைனா வந்து தங்கினார். கிளம்பும்போது என் டம்ளரைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, "முட்டையப் பூரா நீயே தின்னுணா, நைனாவுக்குக் குடுக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதையும் நான் பாசம் என்றுதான் எடுத்துக்கொண்டேன், நைனாவுக்கும் ஒட்டிவிடும் என்ற பயம் என்று தோன்றவில்லை.

கார்த்திகை கடைசியில் அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்காக நைனா ஊருக்குப் போயிருந்தார். அவர்கள் வந்திருந்தபோது காப்பித் தட்டோடு வந்தவள் அவர்கள் எதிரிலேயே ரத்தம் கக்கிவிட்டாளாம். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். நாங்கள் எதற்குப் பயந்து அவள் வாயை மூடினோமோ அது எங்கள் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது.

இந்த முறை எக்ஸ்ரேக்கு யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டரம்மா படத்தைத் தூக்கிப் பிடித்தார். கறுப்பே இல்லை. இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை வெள்ளை. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "என் டம்ளர்ல பால் குடிச்சாளே, அதனாலயா?"

"இல்லை. இது மூச்சில வர்றது, டம்ளர்ல இல்லை. இங்கே பாருங்கோ, இது பழைய தழும்பு. உங்களுக்கு முன்னாடியே இவளுக்கு இருந்திருக்கு. யார் யாருக்குக் கொடுத்தாங்கன்னு சொல்ல முடியாது." படத்தைக் கீழே இறக்கினார். "ஆவணியில் பார்த்திருந்தா எனக்கு நம்பிக்கை இருந்தது" என்றார். படத்தை உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் என்னை நாலு அடி அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இருபத்தொரு நாள் இருந்தாள். பெண்கள் வார்டு எதிர்ப்பக்கம். பகலில் ஒரு மணி நேரம் போய்ப் பார்க்க விட்டார்கள். என் ஊசியே அவளுக்கும், என் கசப்புத் தூளே அவளுக்கும். எனக்குக் கேட்ட மருந்து அவளுக்குக் கேட்கவில்லை. நான் என் முட்டையை உரித்துக்கொண்டு போவேன். "நீ தின்னுணா" என்பாள். ஒருநாள் மட்டும் பாதி வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள், எனக்காகத்தான். அனுமந்தப்பா குணமாகி ஊர் போனவர், எப்படியோ கேள்விப்பட்டு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து அவள் கட்டில் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கடைசிக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் கேட்டாள், "அண்ணா, தை மாசம் கொப்பரை ஏத்துவாங்க இல்ல? நைனா தனியா எப்பிடி எறக்குவாரு?"

"நீ வந்து நில்லு" என்றேன்.

"நிக்கிறன். தூரமா நின்னாலும் எனக்குக் கேக்கும்."

அன்றைக்காவது நான் சொல்லியிருக்க வேண்டும். அன்னிக்கு நீ சொன்னது நெசம், நான்தான் ஒன் வாய மூடுனன் என்று. வாய்வரை வந்தது. அவளுக்கு மூச்சு இளைத்துக்கொண்டிருந்தது, அதனால் நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் பத்து மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

பஸ்ஸில் பிணத்தை ஏற்றமாட்டார்கள். ஒரு லாரி பிடித்தோம். டாக்டரம்மா எனக்கு மூன்று நாள் அனுமதி கொடுத்தார். சானமாவு வளைவில் லாரி போகும்போது நைனா திடீரென்று, "இங்கதானப்பா அவ யானயக் கேட்டது?" என்றார். ஆமாம் என்றேன். அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் அழவில்லை. அழுதால் இருமல் வரும், இருமினால் ரத்தம் வரும் என்று பயமாக இருந்தது. தங்கை பக்கத்தில் கிடக்கும்போதும் எனக்கு என் நுரையீரல்தான் பெரிதாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

தையின் கடைசியில் எனக்குக் குணமாகிவிட்டதென்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து துக்கம் கேட்டவர்களில் அணைக்கட்டு எஞ்சினீயர் ஒருவரும் இருந்தார், நல்ல மனிதர். "சக்திக்கு அழிவில்லை, திம்மராயன். உருவம்தான் மாறும். உனக்குத் தெரியாததா?" என்றார். எனக்குத் தெரியாததா! நானே நாலு வருஷம் பிரசங்கம் செய்தது அதுதானே. ஆனால் நெஞ்சில் பொரிவதைக் கேட்கிற அந்தக் காது இப்போது என்ன உருவத்தில் இருக்கிறது? சூடாகவா, வெளிச்சமாகவா? அவரிடம் கேட்கவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினேன்.

ஆனால் ஒன்று நடந்தது. அதையும் மறைக்கக்கூடாது. ஊரில் பயம் பிடித்துக்கொண்டது. "எங்க கொட்டாய்லயும் வந்து நின்னாளே", "எங்க ஊட்லயும் தண்ணி குடிச்சாளே" என்று ஒவ்வொருவராக வந்தார்கள். கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணை மறைத்து வைக்கிற தாய்மார்களே என்னிடம் வந்து, "எங்க பொண்ணுக்கும் அந்தப் படம் எடுக்கணும்பா, இட்டுக்கினு போ" என்றார்கள். சித்திரையில் பதினாலு பேரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். அதில் இரண்டு பெண்களுக்கு நெஞ்சில் வெள்ளை இருந்தது. ஆரம்பம்தான். ஊசி போட்டு இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். ஒருத்திக்குக் கல்யாணம்கூட ஆகிவிட்டது.

மாதம்மாவின் புண்ணியம் என்று ஊரில் சொல்கிறார்கள். செத்தும் கொடுத்தாள் என்கிறார்கள். கேட்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. அவள் உயிரோடு இருந்து, நர்ஸாக வெள்ளை உடுத்தி, காதில் அந்தக் குழாயை மாட்டிக்கொண்டு வந்திருந்தால் இருநூறு பேருக்குக் கண்டுபிடித்திருப்பாள். அவள் சாவு திறந்துவிட்டது ஒரு கால்வாய்த் தண்ணீர். ஏரி அப்படியே மண்ணுக்குள் போய்விட்டது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று பழமொழி சொல்லும். அணை போடுவதே என் உத்தியோகம். ஆனால் எங்கே போடக்கூடாதோ அங்கே போட்டேன்.

அணை முடிந்து முதல் முறை மதகு திறந்தபோது எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். தண்ணீர் வெள்ளையாகச் சீறிக்கொண்டு விழுந்தது. ஜனங்கள் தேங்காய் உடைத்தார்கள், கும்பிட்டார்கள், சிலர் அழுதார்கள். நானும் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அவள் போனபின் வந்த முதல் தை மாதம் நாங்கள் கொப்பரை ஏற்றவில்லை, கரும்பை வெட்டிப் பக்கத்து ஊர்க்காரனுக்குக் கொடுத்துவிட்டோம். அடுத்த தையில் நைனா ஏற்றத்தான் வேண்டும் என்றார். நானும் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். காலை வேளை. நெருப்பு நன்றாகப் பிடித்திருந்தது, அழுக்கை வழித்தாகிவிட்டது, சாறு பொன்னிறமாகிக் கொப்புளம் கொப்புளமாகக் கொதித்தது. கொப்பரையைத் தூக்க நாலு பேர் கம்போடு தயாராக நின்றார்கள். நைனா குனிந்து துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தவர், பழக்கத்தில், தலையைத் தூக்காமலே கேட்டுவிட்டார்.

"மாதி, எறக்கலாமா?"

கேட்டபிறகுதான் அவருக்கே தெரிந்தது. துடுப்பு நின்றுவிட்டது. மெதுவாகத் தலையைத் தூக்கி மூலைக் கம்பத்தைப் பார்த்தார். கம்பு பிடித்திருந்த நாலு பேரும் பார்த்தார்கள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஊசி மந்தமாக்கிய காதை வைத்துக்கொண்டு நானும் கொப்பரைப் பக்கம் திரும்பிக் கேட்டேன். உப்புப் பொரிவதைப் போல, பொரிபொரியென்று, அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அது சரியான நேரமா, முன்னாலா, தாண்டிவிட்டதா என்று மட்டும் தெரியவில்லை.

கருகல் வாசனை வரத் தொடங்கியது. அப்போதும் நைனா கம்பத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கு என்று யாரும் சொல்லவில்லை.